மக்காவின் பேரால் ஓர் அமெரிக்கச் சபை

நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் பகுதியில், 55ஆம் தெருவில், ஓடு வேய்ந்த பெரிய குவிமாடத்தோடு ஒரு கட்டிடம் நிற்கிறது. முகப்பில் வண்ண ஓட்டு வேலைப்பாடு. ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்களின் கட்டிடக் கலையை நினைவூட்டும் வளைவுகள். அது 1924இல் திறக்கப்பட்டபோது அதற்கு இடப்பட்டிருந்த பெயர் ‘மக்கா டெம்பிள்’. அந்நாளில் அவ்வழியே சென்ற முஸ்லிம் பயணி ஒருவர், தொழுகைக்கு நேரமாயிற்று என்றெண்ணி உள்ளே நுழைந்திருப்பின் வியப்பில் ஆழ்ந்திருப்பார். செல்வமும் செல்வாக்கும் படைத்த வெள்ளையர்கள் தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி அணிந்திருப்பார்கள். ஒருவரையொருவர் கண்டதும் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பார்கள். பெயர்ப் பலகையில் பிறையும் வாளும் இருக்கும். ஆனால் கிப்லா எத்திசை என்று அவர்களைக் கேட்டால் விடை வாராது. அவர்கள் முஸ்லிம்கள் அல்லர், ஃப்ரீமேசன்கள். மேசன்களுள்ளும் ‘ஷ்ரைனர்கள்’ என்னும் தனிப் பிரிவினர்.

ஃப்ரீமேசன் இயக்கம் பற்றி நம்மவரிடையே அச்சக் கதைகள் மிகுதி, செய்திகள் குறைவு. ஆகவே அதன் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். லண்டனில் இருந்த நான்கு சிறு சபைகள் 1717இல் ஒன்றுகூடிப் பெருஞ்சபை ஒன்றை நிறுவின என்பது அவ்வியக்கத்தாரின் மரபுவழிச் செய்தி. 1723இல் ஆண்டர்சன் என்பார் தொகுத்த சட்ட நூல் வெளியாயிற்று. கட்டிடத் தொழிலாளரின் மட்டப்பலகையையும் மூலைமட்டத்தையும் ஒழுக்கத்திற்கு உவமையாக்கிக் கொள்வது அவர்கள் வழக்கம். படிநிலைகள் மூன்று. நம்மூர்க் கட்டிட வேலை வழக்கில் சொல்வதாயின் முதலில் சிற்றாள், பிறகு கொத்தன், முடிவில் மேஸ்திரி. இறைவன் ஒருவன் உண்டு என்று நம்புகிறவர் எச்சமயத்தவராயினும் சேரலாம் என்பது விதி. இந்த விதியின்படியே 1776இல் நம் திருச்சிராப்பள்ளியில் ஒரு முஸ்லிம் இளவரசர் மேசனானார். ஆர்க்காட்டு நவாப் வாலாஜா முஹம்மது அலியின் மூத்த மைந்தர் உம்தத்துல் உமராவே அவர். லண்டன் பெருஞ்சபையார் மகிழ்ந்து அவருக்கு அழகிய முன்றானைத் தோல் உடுப்பொன்றும் சட்ட நூலொன்றும் அனுப்பினர். அவர் பாரசீக மொழியில் விடை எழுதினார்.

மேஸ்திரியானதும் மேசனின் ஏற்றம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் படி கிடையாது. விதி அப்படித்தான் கூறுகிறது. ஆனால் மனிதர் மனம் விதியோடு நின்றுவிடுமா? காலப்போக்கில் மூன்றாம் படிக்கு மேலே புதிய படிகள் பல எழுந்தன. ‘ராயல் ஆர்ச்’ என்றொரு படி. ‘ஸ்காட்டிஷ்’ முறை என்னும் பெயரில் முப்பத்து மூன்று படிகள். ‘டெம்ப்ளர் வீரர்’ என்பது வேறொரு படி. இதிலே சேருகிறவர் கிறிஸ்தவ மார்க்கத்தைக் காப்பதாக உறுதி கூற வேண்டும். சிலுவைப் போர்களில் ஸுல்தான் ஸலாஹுத்தீனை எதிர்த்து நின்ற டெம்ப்ளர் வீரர்களின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். மேலதிகப் படிகள் உறுப்பினருக்கு அளித்தவை என்ன? புதிய நாடகமொன்று, புதிய உடை, புதிய பட்டம், இன்னும் நெருக்கமான நட்பு வட்டம். பதவியை விரும்புகிறவருக்குப் பதவியும் உண்டு.

இப்படிகளுக்கெல்லாம் உச்சியில் கேளிக்கைக்கென்றே ஓர் அமைப்பு வேண்டும் என்னும் எண்ணம் 1870இல் நியூயார்க்கில் பிறந்தது. ஆறாம் அவென்யூவில் ‘நிக்கர்பாக்கர் காட்டேஜ்’ என்னும் உணவு விடுதி ஒன்று இருந்தது. மேசன்கள் சிலர் நண்பகல் உணவுக்கு அங்கே கூடுவார்கள். வால்ட்டர் ஃப்ளெமிங் என்னும் மருத்துவரும் வில்லியம் ஃப்ளாரன்ஸ் என்னும் புகழ்பெற்ற நடிகரும் அவர்களில் முதன்மையானவர்கள். ஐரோப்பாவில் நாடகச் சுற்றுப்பயணம் சென்ற ஃப்ளாரன்ஸ், பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் அரபு நாட்டுத் தூதர் ஒருவர் அளித்த விருந்துக்குச் சென்றாராம். அங்கே இசை நாடகம் ஒன்று நடந்து, அதன் இறுதியில் விருந்தினர் யாவரும் ஒரு மறைச் சபையின் உறுப்பினராக்கப்பட்டனராம். பிறகு அல்ஜியர்ஸிலும் கெய்ரோவிலும் அதே சடங்கைக் கண்டு குறிப்பெடுத்து வந்தாராம். அவர் நடிகர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அச்சபையின் வரலாற்றை எழுதியவர்களே பின்னாளில் இக்கதையை ஐயுற்றனர். சடங்குகளை வகுத்ததில் பெரும்பங்கு ஃப்ளெமிங்குடையது. கீழைநாட்டு ஓவியங்கள் வரைந்து பேர்பெற்ற ஆல்பர்ட் ராஸன் என்பவர் அரபுச் சொற்களையும் சின்னங்களையும் எடுத்துக் கொடுத்தார். 1872 செப்டம்பர் 26ஆம் நாள் பதின்மூன்று பேரோடு முதற் கிளை தோன்றியது. அதற்கு ‘மக்கா’ என்று பெயரிட்டனர். முழுச் சபையின் பெயரோ ‘மறைபொருள் திருத்தலத்துப் பெருந்தகையோரின் பண்டை அரபுச் சபை’ என்பதாம்! அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் ‘ஏ மேசன்’, அதாவது ஒரு மேசன், என்று வரும். விளையாட்டுப் புத்தியின் முத்திரை அங்கேயே விழுந்துவிட்டது.

பெயர் இருந்தால் போதுமா? தொன்மையும் வேண்டுமே. எனவே ஒரு பூர்வ கதையும் புனைந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மருமகரான ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 25இல், அதாவது கிறிஸ்தவ ஆண்டு 644இல், மக்காவிலே கலீஃபாவாக இருந்தபோது இச்சபையை நிறுவினார்களாம். நீதிமன்றத்தின் தாமதத்தால் தப்பிக்கும் குற்றவாளிகளைத் தண்டிப்பதும் சமயப் பொறையை வளர்ப்பதும் சபையின் நோக்கங்களாம். மதரஸாவில் ஓதும் சிறுவனும் இதைக் கேட்டு நகைப்பான். 644ஆம் ஆண்டு ஹிஜ்ரி 23, 24 ஆகுமேயன்றி 25 ஆகாது. ஹஸ்ரத் உமர் (ரலி) ஷஹீதாகி, ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) கிலாஃபத் ஏற்ற ஆண்டு அது. ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் கலீஃபாவானது ஹிஜ்ரி 35இல். ஒரு நூலகத்தில் அரைநாள் செலவிட்டிருந்தால் இப்பிழை நேர்ந்திராது. அவர்கள் செலவிடவில்லை, ஏனெனில் அவர்களுக்கு வேண்டியிருந்தது வரலாறன்று, அரங்கத் திரை.

அந்நாளைய அமெரிக்காவை நோக்கினால் இதன் காரணம் விளங்கும். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஊர்தோறும் இழவு விழுந்திருந்தது. எஞ்சியவர்கள் பணம் சேர்த்தார்கள், களிக்க விரும்பினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே ஆண்டில் மார்க் ட்வெயினின் கீழைநாட்டுப் பயண நூல் வெளிவந்து வீடுதோறும் படிக்கப்பட்டது. அமெரிக்கரின் மனத்தில் அரபு நாடு என்பது ஆயிரத்தொரு இரவுகள் கதை நடந்த இடம். அங்கே வாழ்கிறவர்களுக்கு ஈமான் உண்டு, இபாதத் உண்டு என்னும் நினைவு அவர்களுக்கு எழவேயில்லை. ஆதலால் கிளைகளுக்கு நாம் உளூ இன்றித் தொடத் தயங்கும் பெயர்களையெல்லாம் தாராளமாகச் சூட்டினார்கள். சிகாகோவில் ‘மதீனா’, கிளீவ்லாந்தில் ‘அல் குர்ஆன்’, ஸான் பிரான்சிஸ்கோவில் ‘இஸ்லாம்’, டெட்ராய்ட்டில் ‘முஸ்லிம்’, லாஸ் ஏஞ்சலஸில் ‘அல் மலாயிகா’, அயோவா மாநிலத்தின் டாவென்போர்ட்டில் ‘கஅபா’, பென்சில்வேனியாவின் ஈரி நகரில் ‘ஸம்ஸம்’! கிளை அலுவலர்களில் ஒருவருடைய பதவிப் பெயர் ‘தலைமைக் குருவும் நபியும்’ என்பது. குருமாரே இல்லாத, நபித்துவம் நிறைவுற்றுவிட்ட ஒரு மார்க்கத்தின் வேடத்தை அணிந்துகொண்டு சூட்டிய பட்டம் இது. புதிதாகச் சேருகிறவரைக் ‘கொதிக்கும் மணலைக் கடத்தல்’ என்னும் பெயரால் பலவாறு அலைக்கழித்து, எல்லாரும் சிரித்து, பின் தோளில் தட்டிக்கொடுத்துத் தொப்பியைச் சூட்டுவார்கள்.

இச்சபையில் சேருவதற்கு ஒருவர் முதலில் ஸ்காட்டிஷ் முறையில் 32ஆம் படியை எட்டியிருக்க வேண்டும்; அல்லது டெம்ப்ளர் வீரராகியிருக்க வேண்டும். அதாவது சிலுவைப் போர் வீரனாக வேடமிட்டவனே பிறகு அரபுப் பெருந்தகையாக வேடமிடலாம்! இந்த விதி 2000ஆம் ஆண்டில்தான் தளர்த்தப்பட்டு, மூன்றாம் படி மேசன் நேராகவே சேரலாம் என்றாயிற்று.

1878இல் 425 பேர். 1888இல் 7,210 பேர். 1900இல் ஏறத்தாழ 55,000 பேர். வளர்ச்சியின் வேகம் இது. வணிகர், வழக்கறிஞர், நகரத் தலைவர், நடிகர் எனப் பலரும் சேர்ந்தனர். பிற்காலக் குடியரசுத் தலைவர்கள் ஹார்டிங்கும் ட்ரூமனும் இதன் உறுப்பினரே. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு ஒரே மாலையில் நூறு பேரின் அறிமுகம் கிடைத்தது. ஞாயிறன்று தேவாலயத்திலும் திங்கள் முதல் கடையிலும் விறைப்பாக இருந்தவன், தொப்பியை அணிந்து தெருவில் வாத்தியக் குழுவோடு ஆடிக்கொண்டு போவதற்கு உரிமையும் கிடைத்தது. ‘மேசன்களின் விளையாட்டுத் திடல்’ என்று அவர்களே தம் சபையை அழைத்துக்கொண்டனர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அதனை வீண் கேளிக்கை என்று தள்ளிவிடலாம். நியாயம் பேசுகிறவன் அடுத்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1920இல் போர்ட்லந்து நகரில் நடந்த மாநாட்டில், கால் கை ஊனமுற்ற குழந்தைகளுக்கு இலவச மருத்துவமனை அமைக்க உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2 டாலர் தர வேண்டும் என்று தலைவர் ஃப்ரீலாண்ட் கென்ட்ரிக் முன்மொழிந்தார். சிலர் தயங்கினர். அட்லாண்டாவின் ஃபாரஸ்ட் அடேர் எழுந்து, நாம் இத்தனை காலமும் நீர்க்குமிழி ஊதிக்கொண்டிருந்தோம் என்னும் கருத்துப்படப் பேசினார், தீர்மானம் நிறைவேறிற்று. 1922இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் முதல் மருத்துவமனை திறந்தது. இளம்பிள்ளை வாதம் குழந்தைகளை முடக்கிப் போட்ட காலம் அது. அந்நோய்க்குத் தடுப்பு மருந்து வந்தபின், 1962இல், தீக்காயமுற்ற குழந்தைகளின் சிகிச்சையை மேற்கொள்ள முடிவு செய்து, டெக்சாஸின் கால்வெஸ்டன் முதலிய ஊர்களில் அதற்கெனத் தனி மருத்துவமனைகள் கட்டினர். பல்லாண்டுக் காலம் ஒரு காசு கூட வாங்கவில்லை. பின்னர் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து தொகை பெறத் தொடங்கிய போதும், பணம் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதையே கொள்கையாக வைத்தனர். வேடிக்கைக்குத் தொடங்கிய ஒரு கூட்டம் ஈகைக்கு வந்து சேர்ந்தது. ஏழைக் குழந்தையின் கால் நிமிர்ந்ததைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் ஈகை செய்ததனால் பெயர்கள் தூய்மை பெற்றுவிடா. நியூயார்க் ‘மக்கா டெம்பிள்’ வரி நிலுவைக்காக நகராட்சியின் கைக்குப் போய், 1943 முதல் நாடகமும் நடனமும் நிகழும் அரங்காயிற்று. சிகாகோவில் 1912இல் எழுந்த ‘மதீனா டெம்பிள்’ பின்னாளில் ஒரு பெரிய அங்காடியாக மாறி, 2023 செப்டம்பரில் அதனுள் சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. மதீனாவின் பேரில் சூதாட்டம்! இதை எழுதும்போதே கை கூசுகிறது. சபையார் 2010இல் ‘அரபு’ என்னும் சொல்லைத் தம் பெயரிலிருந்து நீக்கி, ‘ஷ்ரைனர்ஸ் இண்டர்நேஷனல்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளலாயினர். உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு அவை 1978இல் மக்கமா நகரில் கூடி, ஃப்ரீமேசன் இயக்கத்தில் முஸ்லிம்கள் சேரலாகாது எனத் தீர்ப்பளித்ததும் இங்கே குறிப்பிடத் தக்கது. ஷ்ரைனர்கள் மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் நடந்த படுகொலையைக் கொண்டாடவே சிவப்புத் தொப்பி அணிகிறார்கள் என்றொரு கதை துண்டு வெளியீடுகளில் உலவுகிறது. அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. பொய்யைக் கொண்டு பொய்யைச் சாடுதல் நம் மார்க்கம் கற்பித்த முறையன்று.

தொப்பி என்றதும் கொழும்பு நினைவுக்கு வருகிறது. 1905இல் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியோடு வந்த வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதரை, தொப்பியைக் கழற்றாமல் வாதிடக் கூடாதென்று தலைமை நீதிபதி லேயார்டு தடுத்தார். தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்கள் மருதானைப் பள்ளிவாசலில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர்; முடிவில் தொப்பியின் உரிமை நிலைநாட்டப்பட்டது. அதே ஆண்டுகளில் அமெரிக்க வெள்ளையருக்கு அத்தொப்பி ஊர்வல உடுப்பு. அங்கேயே வேறொரு கூட்டத்தாருக்கு அது கொழும்பில் போலவே மானத்தின் அடையாளமாகிக் கொண்டிருந்தது. அவர்கள் கறுப்பின மக்கள்.

வெள்ளை மேசன்கள் அந்நாளில் கறுப்பரைத் தம் சபைகளில் சேர்க்கவில்லை. ஆனால் 1775இலேயே பாஸ்டன் நகரில் பிரின்ஸ் ஹால் என்னும் சுதந்திரக் கறுப்பரும் அவருடைய தோழர் பதினால்வரும் பிரிட்டிஷ் படையைச் சார்ந்த ஒரு சபையில் மேசன்களாகியிருந்தனர். 1784இல் இங்கிலாந்துப் பெருஞ்சபையே அவர்களுக்குப் பட்டயம் வழங்கிற்று. அதிலிருந்து கறுப்பர்களின் தனி மேசன் மரபு கிளைத்தது. அம்மரபில் வந்த சிகாகோ வழக்கறிஞர் ஜான் ஜார்ஜ் ஜோன்ஸ், 1893 ஜூன் மாதத்தில், கறுப்பர்களுக்கென ஒரு ஷ்ரைன் சபையைத் தோற்றுவித்தார். அரபு நாட்டிலிருந்து வந்த பெரியார் ஒருவரிடம் தாம் அதிகாரம் பெற்றதாகச் சொன்னார். ஃப்ளாரன்ஸ் சொன்ன கதைக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று!

1893ஆம் ஆண்டுச் சிகாகோவை நம் வாசகர்கள் உலகப் பொருட்காட்சிக்காகவும் சர்வ சமய மாநாட்டுக்காகவும் அறிவார்கள். அம்மாநாட்டில் இஸ்லாத்தைப் பற்றி உரையாற்றியவர் முஹம்மது அலெக்ஸாண்டர் ரஸ்ஸல் வெப் என்னும் அமெரிக்கர். மணிலாவில் தூதராயிருந்தபோது இஸ்லாத்தைத் தழுவி, 1892இல் இந்தியா வந்து நம் சென்னையிலும் சொற்பொழிவாற்றிச் சென்றவர். அவருடைய இயக்கம் நிதியின்றிச் சில ஆண்டுகளில் சோர்ந்தது. ஒரே ஊரில் ஒரே ஆண்டில் மெய்யான இஸ்லாத்தின் அழைப்பும் அதன் நிழலை உடுத்திய ஒரு சபையும் தோன்றின. அன்றைய கறுப்பின மக்களிடையே வேரூன்றியது அந்த நிழலே. இறைவனின் ஏற்பாடுகள் நம் கணக்கில் அடங்குவனவல்ல.

கறுப்பர் தம் தொப்பியையும் பிறையையும் அணிவதை வெள்ளைச் சபையார் பொறுக்கவில்லை. கலீஃபாவிடமிருந்து பெற்றதாகத் தாமே புனைந்துகொண்ட சின்னங்களின்மேல் உரிமை கோரித் தென் மாநிலங்களில் வழக்குத் தொடுத்தனர். டெக்சாஸின் ஹூஸ்டனில் எழுந்த வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் கறுப்பர்களுக்குத் தடை விதித்தன. அவர்கள் தளராமல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றனர். 1929 ஜூன் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது: கறுப்பர் சபை இருப்பதைப் பல்லாண்டுகளாக அறிந்தும் வாளாவிருந்துவிட்டு, அது வளர்ந்தபின் தடை கேட்பது செல்லாது. இரயிலிலும் பள்ளியிலும் உணவு விடுதியிலும் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் பெற்ற வெற்றி அது. வெள்ளையருக்கு இப்படி விளையாட்டை அளித்தது. கறுப்பருக்கோ ‘பெருந்தகை’ என்று தம்மை அழைக்கும் ஓர் இடத்தை அளித்தது. தெருவில் எந்த வெள்ளைச் சிறுவனும் ‘அடே’ என்று கூப்பிடக்கூடிய முதியவருக்கு, மாலைக் கூட்டத்தில் அந்த ஒரு சொல் எத்தகைய மருந்தாயிருந்திருக்கும்!

அச்சொல் சபையோடு நிற்கவில்லை. வட கரோலினாவைச் சேர்ந்த திமோத்தி ட்ரூ என்பவர் ‘நோபிள் ட்ரூ அலி’ என்று பெயர் பூண்டார். ‘நோபிள்’ என்பது ஷ்ரைனர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் அதே பட்டம். 1920களில் சிகாகோவில் அவர் வளர்த்த அமைப்பு ‘மூரிஷ் சயன்ஸ் டெம்பிள்’. ஆடவர் துருக்கித் தொப்பி அணிந்தனர். பெயரோடு ‘பே’, ‘எல்’ என்று சேர்த்துக்கொண்டனர். நாம் அடிமைகளின் வழியினர் அல்லர், மூர் இனத்து முஸ்லிம்கள் என்று அட்டை வைத்துக்கொண்டனர். ஷ்ரைன் சபையின் சாயல் இவற்றில் படிந்திருப்பதை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1927இல் அவர் ‘குர்ஆன்’ என்னும் பெயரால் வெளியிட்ட நூல் நம் திருமறை அன்று; தம்மை நபியென்று அவர் கூறிக்கொண்டதை எந்த முஸ்லிமும் ஏற்க மாட்டார். 1929 ஜூலையில் அவர் இறந்தார். மறு ஆண்டு டெட்ராய்ட்டில் ‘இஸ்லாமிய தேசம்’ என்னும் இயக்கம் தலையெடுத்தது. அதன் கூடங்களுக்கும் ‘டெம்பிள்’ என்றே பெயர். எண் இட்டு அழைத்தனர். அதன் கொள்கையிலும் இஸ்லாத்திற்குப் புறம்பானவை நிறைய இருந்தன. மால்கம் எக்ஸ் அவ்வியக்கத்தை விட்டு விலகி 1964இல் ஹஜ்ஜுச் செய்து, மெய்யான மக்காவைக் கண்டு திரும்பியது யாவரும் அறிந்ததே.

1975இல் அவ்வியக்கத்தின் தலைவர் எலைஜா முஹம்மது காலமானார். அவருடைய மகன் வாரிஸுத்தீன் முஹம்மது பொறுப்பேற்றார். அவர் தம் மக்களுக்குக் கலிமாவின் பொருளை எடுத்துரைத்தார். ஐவேளைத் தொழுகையையும் பிறை கண்டு நோற்கும் ரமலான் நோன்பையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ‘டெம்பிள்’ என்னும் பெயர் அகற்றப்பட்டு ‘மஸ்ஜித்’ என்றாயிற்று. கூடங்களில் வரிசையாய்ப் போடப்பட்டிருந்த நாற்காலிகள் வெளியே எடுக்கப்பட்டன. தரையில் விரிப்புகள் விரிக்கப்பட்டன.